கதர் மூட்டையில் தொடங்கி எங்கள் பனியன் மூட்டை வரை

கூட்டமைப்பு மலருக்கு "நாம செய்யும் தொழிலின் வரலாறு" என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி தலைவி அக்கா சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றாலே ராஜாக்கள் சண்டைதான். பனியன் விற்கிற எனக்கு என்ன வரலாறு இருக்கப்போகுது என்று நினைத்தேன். அப்புறம் பிள்ளையோட புத்தகம், நூலகம், திருப்பூரில் சரக்கு எடுக்கும் கடைகளில் பெரியவர்கள் சொன்னது எல்லாம் சேர்த்துப் பார்த்தால், செலவில்லாமல் துணி விற்பதற்கு நம்ம பக்கத்தில் நூறு வருசக் கதை இருக்கு. அதை ஒரு நாலு வருசம் முன்னாடியே படித்திருந்தால் 3,800 ரூபாய் மிச்சமாகி இருக்கும். அந்தக் கதையும் வருது.

எங்க அப்பத்தா ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். போடிமெட்டுக்கு மேலே, கேரளா பக்கம். அந்தக் காலத்தில் மாசக்கணக்கில் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுவார்களாம். சம்பள நாள் வந்தால் அடிவாரத்திலிருந்து ஜவுளி மூட்டை தூக்கிக்கிட்டு ஒரு ஆள் மேலே ஏறி வருவார். கடை கிடையாது, போர்டு கிடையாது. லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்துப் போட்டால் போதும். சேலை, துண்டு, பனியன், பிள்ளைகளுக்குக் கவுன். பாதி கையில், பாதி அடுத்த சம்பளத்துக்கு. "அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா எந்த லயத்துல எந்தப் பிள்ளை எவ்வளவு வளந்திருக்குன்னு தெரியும்" என்று அப்பத்தா சொல்வார். அப்போது அது எனக்கு வெறும் கதை.

நம்ம மலையில் சரக்கு ஏறுவதும் இறங்குவதும் பழைய விசயம். மூணாறு பக்கத்துத் தேயிலை, குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேசன் வந்து, அங்கேயிருந்து கம்பிவட ரோப்வேயில் கீழே கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. 1902-ல் அமைத்த அந்தப் பாதையை 1908-ல் சின்ன ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு திரும்பப் போடவே இல்லை. மதுரை - போடி ரயில் வந்தது 1928-ல். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம்மில் பாதிப்பேர் காய் ரகம் பிரித்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தோம். அதுவும் 2007-லிருந்து கம்ப்யூட்டர் ஏலம். ஒரு பட்டனை அழுத்தினால் விலை ஏறுது. ஆனால் மேலே இருந்து காய் இறங்கின மாதிரி, கீழே இருந்து துணி ஏறிக்கிட்டேதான் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கல.

இனி திருப்பூர்.

திருப்பூர் என்றால் பனியன் என்று நமக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அது கதர் ஊர். காந்தி 1925-ல் அகில இந்திய நூற்போர் சங்கத்தை ஆரம்பித்தபோது தமிழ்நாட்டில் கதர் வேலைக்கு மையமாக இருந்தது திருப்பூர்தான். 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி தடியடி பட்டு உயிர்விட்ட குமரன் அந்த ஊர்க்காரராகவே நம் மனதில் நிற்கிறார். அந்தக் கதரை எப்படி விற்றார்கள் தெரியுமா? ஆலைத் துணியை விட விலை ஜாஸ்தி, முரடு, சாயம் சுமார். கடையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் தலைவர்களே தோளில் தூக்கினார்கள். ஈரோட்டுப் பெரியார், காங்கிரஸில் இருந்த காலத்தில், வசதியான வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, கதர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். அவர் வீட்டு ஆட்களே கதர் உடுத்தினார்கள். விற்கிறவர் அதையே உடுத்திக்கிட்டு வாசலில் வந்து நின்றால், வாங்காமல் அனுப்புவது கஷ்டம். இதை விடச் சிக்கனமான விளம்பரம் இருக்கா?

அதே 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் திருப்பூரில் பின்னல் தொழிலை ஆரம்பித்தார். அப்போது பனியனுக்குக் கல்கத்தாதான் பேர்போன ஊர். மெல்ல மெல்ல அந்தப் பேரைத் திருப்பூர் வாங்கிக்கொண்டது. ரொம்ப காலத்துக்கு உள்ளூர் ஆம்பிளைகள் போடுகிற வெள்ளைப் பனியன்தான். 1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி, பம்பாய் ஏற்றுமதிக்காரர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் கேட்டு வந்ததைத்தான் எல்லாரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1985-ல் ஏற்றுமதி 15 கோடி ரூபாய் அளவு. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இப்போது வருசத்துக்கு 30,000 கோடிக்கு மேல். அவ்வளவு பெரிய ஊரில் எங்களை மாதிரி ஆட்களுக்கு வாசல் திறந்து விடுவது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காதர்பேட்டை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சினது, சின்னக் குறை வந்து திருப்பி அனுப்பினது, உள்ளூர் சரக்கு எல்லாம் அங்கே மொத்த விலைக்குக் கிடைக்கும். நாலு டஜனும் எடுக்கலாம், நாலு லாரியும் எடுக்கலாம்.

டி-சர்ட் என்பதே வெளியூரில் உள்ளாடையாகத்தான் ஆரம்பித்தது. 1913-ல் அமெரிக்கக் கடற்படை தன் ஆட்களுக்குச் சட்டைக்கு உள்ளே போடக் கொடுத்தது. அது மேல் சட்டையானதும், அதில் எழுத்து அடிக்கலாம் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. 1948 அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளர் பேர் போட்டு அடித்த சட்டை இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கு. நமக்குப் பிடித்த கதை 1977-ல் நடந்தது. நியூயார்க் ஊரே கடனில் தவித்துக்கொண்டிருந்த நேரம். மில்டன் கிளேசர் என்ற ஓவியர் டாக்சியில் போகும்போது ஒரு துண்டுத் தாளில், 'நான் நியூயார்க்கை நேசிக்கிறேன்' என்பதற்கு நடுவில் ஒரு சிவப்பு இதயம் போட்டு வரைந்தார். காசு வாங்கவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் எல்லாம் அந்த ஊருக்கு விளம்பரப் பலகை ஆனார்கள். அதிலேயும் ஒரு வேடிக்கை, அந்த ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித்தான் விளம்பரம் செய்தார்கள்!

நம்ம தமிழ்நாட்டிலேயும் 2020 செப்டம்பரில் இதே மாதிரி நடந்தது ஞாபகம் இருக்கும். 'ஹிந்தி தெரியாது போடா' என்று அடித்த டி-சர்ட்டைச் சில சினிமாக்காரர்கள் போட்டு போட்டோ போட்டார்கள். திருப்பூருக்கு ஆர்டர் குவிந்தது. எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று நான் இங்கே பேச வரவில்லை. ஒரு ரூபாய்க்கு நோட்டீஸ் அடிக்காமல், டிவியில் விளம்பரம் கொடுக்காமல் ஒரு சட்டை விற்ற விதத்தைத்தான் சொல்கிறேன். ஊர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு விசயம் சட்டையில் ஏறினால், சட்டை தானாகவே நடக்கும்.

இப்போது எங்க கதைக்கு வருவோம். 2022 தை மாசம். கொரோனா முடிந்து எல்லாரும் தலை தூக்கின நேரம். எங்கள் குழுவில் ஏழு பேர் சேர்ந்து குழுக் கடனில் 40,000 ரூபாய் எடுத்து டி-சர்ட் தொழில் ஆரம்பித்தோம். காதர்பேட்டையில் 240 சட்டை, ஒன்று 115 ரூபாய். 27,600. ஸ்கிரீன் பிரிண்டிங் ஒன்றுக்கு 22 வீதம் 5,280. பஸ், மூட்டைக் கூலி 1,100. இது வரைக்கும் சரி. பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒரு பிளெக்ஸ் 900, நோட்டீஸ் ஆயிரம் 1,400, உள்ளூர் கேபிள் டிவியில் ஒரு வாரம் விளம்பரம் 1,500. ஆக 3,800. கேபிளில் எங்கள் விளம்பரம் ஓடின ஒரு வாரமும் எங்க ஏழு வீட்டைத் தவிர வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நோட்டீஸைப் பற்றிச் சொன்னால் வெட்கம். மூணாவது நாள் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தால் எங்க போன் நம்பர்.

ரெண்டு மாசத்தில் விற்றது 61 சட்டை. அதில் 19 கடன். எம் சைஸ் ஓடிப்போச்சு, எல் சைஸ் தயங்கி நின்னுச்சு, எக்ஸெல் சைஸ் நூறு எடுத்ததில் நாலுதான் போச்சு. "பெருசா இருந்தா எல்லாருக்கும் ஆகும்ல" என்று சொல்லி எடுக்க வைத்தது நான்தான். நம்ம ஊர் ஆம்பிளைகள் எக்ஸெல் போட்டால் அடுத்த வீட்டுச் சட்டையைக் கடன் வாங்கிப் போட்ட மாதிரி தொங்குது. கடன் தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்து நின்னுச்சு. ரெண்டாவது மாசம் தவணை கட்ட ஒரு அக்கா கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

முதலில் வழி காட்டியது எங்க மதினி. அவர் தினமும் ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே ஜீப் ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள், எத்தனை பெண்கள். எல்லாரும் சேலைக்கு மேலே வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். மலைக் குளிர், அட்டைப்பூச்சி, செடி கீறல், மருந்து தெளிப்பு எல்லாத்துக்கும் அந்தச் சட்டைதான் காவல். நான் சரக்கைக் காட்டினதும் மதினி கேட்டார்: "கையே இல்லாத சட்டைய வச்சு நான் என்ன செய்ய? மேல ஏறிப் பாரு, குளிரு எலும்பத் துளைக்கும்." வருசம் பூரா அந்தப் பெண்களைப் பார்க்கிறோம், அவங்களும் நம்ம ஆட்கள், நம்ம குழுக்களிலேயே இருக்கிறவர்கள். ஒருத்தரிடமும் உனக்கு என்ன வேணும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

அடுத்த தடவை காதர்பேட்டை போனபோது முழுக்கை, காலர், மேல் பையோடு 60 சட்டை எடுத்தோம். அழுக்குத் தெரியாத கருநீலமும் காப்பிக் கலரும். ஒன்று 165 ரூபாய். விலை 240, வாரம் 80 வீதம் மூணு வாரம். வாரச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம் மதினியே ஜீப்பில் வசூல் பண்ணிவிடுவார், நோட்டில் எழுதிவிடுவார். சட்டைக்கு 15 ரூபாய் அவருக்கு. மிச்சம் 60 எங்களுக்கு. 60 சட்டையும் ஒன்றரை மாசத்தில் முடிந்தது. காசு வராமல் நின்றது ரெண்டே பேர், அதிலே ஒருவர் பிரசவத்துக்குப் போனவர், பிள்ளை பெற்று வந்து கொடுத்துவிட்டார். அப்போதுதான் அப்பத்தா சொன்ன ஜவுளி மூட்டை ஆள் ஞாபகம் வந்தார். அவர் அறுபது வருசம் முன்னாடி செய்ததைத்தான் நாங்களும் ஜீப்பில் செய்தோம்.

பெண்களுக்கு வெள்ளைப் போர்டு டவுன் பஸ்ஸில் 2021 மே மாசத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பது எல்லாரும் அறிந்தது. அது எங்க தொழிலுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கணக்குப் பார்த்தால்தான் தெரியும். முன்னாடி ரெண்டு பேர் பக்கத்து ஊருக்குப் பத்துச் சட்டையோடு போய் வந்தால் பஸ்ஸுக்கே ரெண்டு சட்டை லாபம் போயிரும். இப்போது கைப்பையில் எடுத்துப் போவதால் அந்தச் செலவே இல்லை. ஒன்றும் விற்காமல் திரும்பி வந்தாலும் மனசு நோகாது.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. தேனி மாவட்டமே அங்கே இருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு தெருப் பையன்களும் ஒரே கலரில் டி-சர்ட் அடித்துப் போடுகிறார்கள். எங்க ஊர் இளைஞர்கள் வெளியூரில் ஆர்டர் கொடுக்கப் போவது தெரிந்து நாங்களே போய்க் கேட்டோம். "அக்கா, நீங்களா?" என்று சிரித்தார்கள். ஒரு சாம்பிள் அடித்துக் காட்டினோம். 85 சட்டை. பாதிப் பணம் முன்னாடி வாங்கினோம், அதனால் கைக்காசு போடவில்லை. இந்த முறை சைஸை நாங்களாக முடிவு பண்ணவில்லை. எல்லாரையும் கோயில் முன்னாடி வரிசையில் நிற்க வைத்து அளவு சட்டையைப் போட்டுப் பார்த்து எழுதினோம். சட்டை முதுகில் கீழே எங்க போன் நம்பரைச் சின்னதாக அடிக்கலாம் என்று கேட்டதுக்குப் பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி பேர் இருக்கிற சட்டைல உங்க போன் நம்பரா?" என்றார்கள். நியாயம்தான். கடைசியில் உள்பக்கம் கழுத்து ஓரத்தில், லேபிள் இருக்கும் இடத்தில் அடித்தோம். துவைக்கிறது யார்? அம்மாக்கள். அவங்க கண்ணில்தான் அது படும். அந்த நம்பரைப் பார்த்து அடுத்த ஊரிலிருந்து போன் பண்ணினது ஒரு அம்மாதான், மகனோட கபடி டீமுக்கு.

இதில் ஒரு கசப்பையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டால் செலவே இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். நாங்களும் முழுக்கைச் சட்டையை எங்களில் ஒரு தங்கச்சியைப் போடச் சொல்லி படம் எடுத்துப் போட்டோம். நன்றாக இருந்தது, ஒரே நாளில் ஒன்பது பேர் கேட்டார்கள். மறுநாள் அந்தத் தங்கச்சி வீட்டில் சண்டை. "ஊரான் போனுல எல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளை படமா?" என்று. படத்தை எடுத்துவிட்டோம். ஆனாலும் அவர் மூணு மாசம் கூட்டத்துக்கு வரவில்லை. அவரைக் கேட்டோம், சரி என்றார், அதனால்தான் எடுத்தோம். ஆனால் அவர் சரி சொன்னால் போதுமா, அவர் வீட்டுக்குள் அந்தச் சரி செல்லுமா என்று நாங்கள் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழேதான் படம், இல்லாவிட்டால் கொடியில் காயப்போட்டு எடுப்போம். அந்தத் தங்கச்சி இப்போது திரும்ப வந்துவிட்டார். ஓவர்லாக் மிஷின் அவர்தான் ஓட்டுகிறார். போன வருசம் அவரே சொன்னார், "அக்கா, என் படத்தப் போடுங்க, இப்ப நான் பாத்துக்கிறேன்" என்று. இன்னும் போடவில்லை. எனக்குத்தான் பயம்.

எக்ஸெல் சட்டைகள் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 96 கிடந்தது. வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைத்து வாரச் சந்தையில் போட்டுவிடலாம் என்று 22 சட்டையைக் கத்தரித்தும் விட்டோம். அந்த வாரம்தான் மகளிர் திட்டம் மூலமாகக் கல்லூரிச் சந்தையில் மேஜை கிடைத்தது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கின குழு வேலை 1997-98-ல் மகளிர் திட்டமாகப் பரவியதை நம்ம பழைய உறுப்பினர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதில் வந்த நல்ல ஏற்பாடுகளில் இந்தக் கல்லூரிச் சந்தையும் ஒன்று, வாடகைக் கடையே தேவையில்லை. ஊறுகாய், சுக்கு மல்லி, ஏலக்காய் மாலை நடுவில் வேறு வழி இல்லாமல் எக்ஸெல் சட்டையைப் பரப்பி வைத்தோம். ஒரு மாணவி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓவர்சைஸ் இருக்கா, சூப்பர்" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. தொளதொளவென்று தொங்கினால்தான் இப்போது அழகாம்! ரெண்டு நாளில் 58 சட்டை, ஒன்று 230. வெட்டிப்போட்ட 22-ஐ நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினோம்.

குரங்கணிக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஊர் பேர் போட்ட சட்டை அடிக்கலாம் என்று ஒரு யோசனை, அந்த நியூயார்க் இதயம் மாதிரி. ஆனால் 2018 மார்ச் 11 காட்டுத் தீயில் 23 உயிர் போன மலை அது. அன்றைக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கினவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். மலைப்படம் போட்டு ஜாலியாக ஒரு சட்டை அடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. மற்றவர்கள் அடித்தால் தப்பு என்று சொல்ல மாட்டேன். நாங்கள் ஏலக்காய்க் கொத்து ஒன்றை மட்டும் நெஞ்சுப் பக்கம் அடித்து, போடிநாயக்கனூர் என்று தமிழில் எழுதி, 30 சட்டை செய்து பார்த்தோம். வாங்கினவர்களில் பாதிப்பேர் வெளியூரில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகள். அதைப் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து ஒருத்தன் படம் அனுப்பினான்.

கடனை 14 மாசத்தில் முடித்தோம். கம்மலையும் மீட்டுக் கொடுத்தோம். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, ஏழு பேருக்கும் மாசம் இவ்வளவு என்று நிரந்தரமாக வருவது இன்னும் இல்லை. சித்திரை, தை, கபடி சீசன் வந்தால் கை நிறையும், மழை மாசத்தில் சும்மா இருக்கும். மழை மாசத்தில் முழுக்கைச் சட்டை மட்டும் ஓடும்.

வரும் சித்திரைக்கு இப்போதே மூணு தெருப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். அளவு சட்டைகள் எஸ், எம், எல், எக்ஸெல் நாலும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். வேறு குழுக்காரர்கள் இந்தத் தொழிலைத் தொடங்குவதாக இருந்தால் அந்தப் பையையும் மதினியோட வசூல் நோட்டையும் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், பார்த்துவிட்டுப் போங்கள். எங்க ஊர்ப் பிளெக்ஸ் இன்னும் இருக்கு. கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடக்கு, மழை ஒழுகுவதில்லை.